பண்டாரவளைச் சிற்பக் கூடம்: காசு கொடுத்துப் பார்க்கலாமா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு 1500 ரூபாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாதி. அந்தக் காசுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரு சிற்பி கல் செதுக்குவதை ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம், பத்தரை மணி போல ஒரு பிளேன் டீயும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் வரும், அவ்வளவுதான். உங்கள் கையில் உளியைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார், வரவேற்புப் பேச்சுக்கூடக் கிடையாது. பக்கத்து ஊரான எல்லயில் சுற்றுலாக்காரர்களுக்கு நடத்துகிற சமையல் வகுப்பு, பத்திக் வகுப்பு என்ற நினைப்போடு போனால் கோபம்தான் வரும். எனக்கும் முதல் முக்கால் மணி நேரம் வந்தது.

இடம் பண்டாரவளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து இறங்கிப் போகிற ஒரு கொங்கிரீட் பாதையின் கடைசியில். முன்பு மரக்கறி மூட்டை அடுக்கிய ஸ்டோர், தகரக் கூரை. போர்டு இல்லை. சிற்பி தன் பெயரை இணையத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நானும் எழுதவில்லை. பண்டாரவளை டவுனில் ஓட்டோக்காரர்களிடம் கல்லு செதுக்குற மாஸ்டர் வீடு என்று சொன்னால் போதும். (எங்களை ஏற்றியவர் முதலில் கல் உடைக்கிற குவாரிக்குத்தான் வண்டியைத் திருப்பினார்.) வாகனம் கடைசி வரை போகாது, மேலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும், திரும்பி வரும்போது அது ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆள் நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்டத்து ஆசாரி, கதவு ஜன்னல் செய்தவர். இவர் கொழும்பில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்த்து, பிறகு மலைக்கே திரும்பி வந்துவிட்டார். செய்வதெல்லாம் நவீனச் சிற்பம்: மூக்கு, கண், விரல் எதுவும் இருக்காது, ஒரு வளைவு, ஒரு சாய்வு, சில சமயம் நடுவில் ஒரு ஓட்டை. "இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒன்று: கொழும்பில் '43 குழு என்ற நவீன ஓவியர்களின் குழு 1943இலேயே தொடங்கிவிட்டது, கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் அதில் ஒருவர். கந்தளம ஹோட்டலின் படிக்கட்டில் சிறகை விரித்து நிற்கும் அந்தப் பெரிய ஆந்தையைப் பார்த்திருப்பீர்கள், அது லக்கி சேனாநாயக்க செய்தது. நவீனக் கலைக்கு இந்த நாட்டில் வயது கொஞ்சமில்லை, நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நாங்கள் போன காலையில் ஒரு பளிங்குக் கல் சுழல்மேசை மேல் இருந்தது, இடுப்பு உயரம், மேல்பாதி ஓரளவு செதுக்கி, கீழ்ப்பாதி வெட்டியெடுத்தபடியே முரடாக. மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த கல். கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க மூட்டை மூட்டையாக டொலமைட் போடுவார்களே, அதே சாதிக் கல்தான் என்று அவர் சொன்னபோது கூட வந்த என் பெரியம்மாவுக்கு அது மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இத்தாலிப் பளிங்கு நைசாக இருக்குமாம். நம் மலைநாட்டுப் பளிங்கு பூமிக்குள் வெந்து உருமாறியதில் பரல் பெருத்துவிட்டது, உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பினால் கற்கண்டு உடைத்த மாதிரி மினுங்குகிறது. அதனால் மெல்லிய விளிம்பு, கூர் மூலை எல்லாம் இதில் நிற்காது, பொரிந்து கொட்டிவிடும். இவருடைய வடிவங்கள் ஏன் இவ்வளவு தடிப்பாக, உருண்டையாக இருக்கின்றன என்று கேட்க நினைத்திருந்தேன். பாதிப் பதில் கல்லிலேயே இருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கல் மேல் தண்ணீர் ஊற்றினார், பார்த்தார். காய்ந்த பிறகு மறுபடியும் ஊற்றினார். மேசையைக் கொஞ்சம் திருப்பினார், பின்னால் போய் நின்றார், கிட்ட வந்து ஒரு டோர்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் அடித்தார், ஒரு கரித்துண்டால் கோடு போட்டார், அழித்தார், வேறு இடத்தில் போட்டார். எங்களோடு வந்திருந்த ஒரு வெளிநாட்டு ஜோடி மெதுவாக எழுந்து போய்விட்டது, அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெரியம்மா கண்ணை எடுக்கவில்லை.

பிறகு டீ நேரத்தில்தான் விளக்கினார் (வேலை நடக்கும்போது வாயைத் திறப்பதில்லை, கேள்வி கேட்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்). தண்ணீர் ஊற்றினால் கல்லுக்குள் ஓடுகிற நரம்பும் மயிர்க்கோட்டு வெடிப்பும் நிறம் மாறித் தெரியும், டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடத்தில் மேடு பள்ளம் நிழலாக எழும்பும். அவரிடம் மாதிரி உருவம் கிடையாது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சிற்பி களிமண்ணில் செய்து கொடுத்துவிடுவார், அதை வார்த்தெடுத்து, புள்ளி புள்ளியாக ஆழம் அளக்கிற ஒரு கருவியை வைத்து வேலையாட்கள் கல்லுக்கு மாற்றுவார்கள், சிற்பி உளியே தொடாமல் பளிங்குச் சிலை வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்கூசி, பிறகு இங்கிலாந்தில் ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த் இவர்கள் எல்லாம் அதை விட்டுவிட்டு நேரே கல்லிலேயே இறங்கினார்கள். நம் கோயில் ஸ்தபதி அதைக் காலங்காலமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறார் என்று நான் கேட்டேன். ஆமாம், ஆனால் ஸ்தபதிக்குத் தாளம் என்று ஓர் அளவு இருக்கிறது, முகம் இத்தனை பங்கு, கை இத்தனை பங்கு என்று எல்லாம் முடிவான பிறகுதான் முதல் அடி விழும், எனக்கு அப்படி எதுவும் இல்லை, அதுதான் பயம் என்றார். இந்த ஒரு பதிலுக்கே 500 ரூபாய் கொடுக்கலாம்.

வேலை தொடங்கிய பிறகு நேரம் போனதே தெரியவில்லை. ஊசி உளியைக் கிட்டத்தட்ட 45 பாகையில் சாய்த்துப் பிடித்து, ஒரே சீரான அடி, கல்லில் கோடு கோடாகச் சால் விழுகிறது. நேர்க்குத்தாக அடித்தால் கல்லுக்குள் கன்றிப்போகுமாம், அப்போது தெரியாது, கடைசியில் பளபளப்பாக்கும்போது வெள்ளைப் புள்ளியாக வெளியே வரும், அதை எடுக்க முழுப் பரப்பையும் இன்னும் இறக்க வேண்டும். சால்களைப் பல் உளி வந்து சமப்படுத்துகிறது, அது போட்ட வரிகளைத் தட்டை உளி எடுக்கிறது, அதற்குப் பிறகு அரம், அதற்குப் பிறகு தண்ணீர் விட்டு சேண்ட் பேப்பர். கிரைண்டரும் இருக்கிறது, பெரிய துண்டுகளைக் கழிக்க மட்டும். நான் கவனித்தது சத்தத்தைத்தான். நல்ல இடத்தில் அடி விழுந்தால் கல் மணியாகக் கிணுங்குகிறது. ஒரு இடம் வந்தது, இடது பக்கம், தோள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மேடு, அங்கே சத்தம் சட்டென்று செத்துப்போனது. எங்களுக்கே கேட்டது. அவர் நிறுத்தினார். தண்ணீர் ஊற்றினார். சாம்பல் நிறத்தில் ஒரு நரம்பு, அதன் ஓரத்தில் மைக்கா மினுங்கல், குறுக்கே உள்ளே போகிறது.

இனி என்ன செய்வார்? ஒட்டுப் போடுவாரா, விட்டுவிடுவாரா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்தார், சுழல்மேசையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார், அப்புறம் கரித்துண்டை எடுத்து அந்தத் தோள் முழுவதையும் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரே கோடு கிழித்தார். வாரக்கணக்காகச் செதுக்கிய இடம். சம்மட்டியும் கன உளியும் வந்தன, ஒரு உள்ளங்கை அளவு துண்டு கீழே விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தோள் போன பிறகு கழுத்துச் சாய்வு தனியாக எழும்பி முன்னுக்கு வந்தது, அதுவரை அந்தக் கல்லில் கழுத்து என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. நீங்கள் காசு கொடுப்பது இந்த நிமிடத்துக்குத்தான். காட்சியறையில் முடிந்துபோன சிலையைப் பார்க்கிறபோது எல்லாம் முதலிலிருந்தே அப்படி இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது போலத் தோன்றும், இங்கே ஒரு மனிதர் ஒன்றை இழக்கத் துணிவதை நேரில் பார்க்கிறீர்கள்.

டீ வந்தபோது பெரியம்மா எழுந்து கல்லுக்குக் கிட்டப் போனார். நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், சிற்பம் என்றால் கோயில் கோபுரம் தவிர வேறு பார்த்ததில்லை. சுற்றி வந்து, கையை வைக்கலாமா என்று கேட்டுவிட்டு, அந்தச் சாய்வின் மேல் கையை வைத்துச் சொன்னார்: "தம்பி, இது கூடைக்காரிதானே? நெறகூடைக்காரி."

சிற்பி எங்களிடம் அதுவரை என்ன உருவம் என்று சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று அவரே கேட்டார். "வெறுங்கூடைன்னா நிமிந்துதான் நிப்போம் தம்பி. கொழுந்து நெறைஞ்சாத்தான் கயிறு உச்சந்தலையில இழுக்கும், கழுத்து இப்படி முன்னால போகும், இடுப்பு பின்னால போகும். ஓரஞ்சாரத்துல கால ஊன்றது வேற. நீங்க கால இன்னும் வெட்டலயே?" என்றார். அவர் சிரித்தார், "இன்னும் வெட்டலம்மா, நீங்க சொல்லுங்க, எந்தக் கால் முன்னால?" என்று கேட்டார், அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசியது மலைச்சரிவில் எந்தப் பக்கம் ஏறும்போது எந்தக் கால் தாங்கும் என்பதைப் பற்றி, எனக்கு அதில் வேலை இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிலை இல்லாத ஊர் கிடையாது. தேயிலைக் கடை வாசல், சந்தி, ஹோட்டல் முற்றம், எங்கே போனாலும் சீமெந்தில் ஒருத்தி, சிவப்புச் சேலை, வெள்ளைப் பல், விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். முதுகில் கூடை வழிய வழியக் கொழுந்து இருக்கும், கழுத்து மட்டும் கண்ணாடி பார்க்கிறவள் கழுத்தாக நேராக இருக்கும். கண், மூக்கு, வளையல், பொட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, பாரம் மட்டும் இல்லை. இந்தக் கல்லில் கண்ணும் இல்லை மூக்கும் இல்லை, பாரம் இருக்கிறது, அதைத் தூக்கியவருக்குக் கை வைத்தவுடனே தெரிகிறது. பல தோட்டங்களில் இப்போது கூடை போய்ப் பை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச காலத்தில் இப்படிச் சொல்லக்கூடிய ஆட்களும் குறைந்துவிடுவார்கள். நவீனச் சிற்பம் புரியாது, படித்தவர்களுக்கு மட்டும் என்று பேசுகிறவர்கள் பெரியம்மாவோடு ஒரு தரம் போய் வரட்டும்.

டீ நேரத்தில் அவர் சொன்ன இன்னொரு கதை. பிரான்கூசி ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வேலை செய்தவர். அவருடைய பறவைச் சிற்பம் ஒன்று, மேல்நோக்கி மெலிந்து எழும்பும் வெண்கலம், சிறகு அலகு எதுவும் கிடையாது, 1926இல் நியூயோர்க் துறைமுகத்துக்குப் போனது. கலைப்பொருளுக்குத் தீர்வை இல்லை. ஆனால் சுங்க அதிகாரிகள் இது பறவையே இல்லை என்று சமையலறை, ஆஸ்பத்திரிச் சாமான்கள் வரிசையில் சேர்த்து 40 சதவீதம் தீர்வை போட்டுவிட்டார்கள். வழக்கு நடந்து 1928இல்தான் அது கலைப்பொருள் என்று தீர்ப்பு வந்தது. "அவங்களுக்கு கோர்ட் ரெண்டு வருஷம் எடுத்திச்சு, அம்மாவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்" என்றார். கொஞ்சம் முகஸ்துதிதான், பெரியம்மா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மரவேலையும் உண்டு, பின்பக்க அறையில். பழைய தேயிலை மலைகளில் செடி பிடுங்கி மறுநடுகை செய்யும்போது வருகிற வேர்க்கட்டைகள்தான் அவருக்குப் பிடித்த மரம். விதை போட்டு வளர்ந்த பழைய தேயிலைக்கு நேரே கீழே இறங்கும் ஆணிவேர் உண்டு, வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கிற இன்றைய வி.பி. தேயிலைக்கு அது கிடையாது, மேல்மண்ணிலேயே பரவிவிடும். ஆகவே இந்தக் கட்டைகள் இனிப் புதிதாக உண்டாகப் போவதில்லை. மரம் நல்ல இறுக்கம், தேய்த்தால் தன்னாலேயே மினுமினுப்பு வருகிறது. சவுக்கு, பலா எல்லாம்கூட இருக்கின்றன, வெட்டுமுகத்தில் மெழுகு பூசி நிழலில் அடுக்கி வைத்திருக்கிறார், அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்ற கணக்கில் காய வேண்டுமாம். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்த ஊவா மாகாணத்தில் வீசுகிற வறண்ட காற்று தேயிலைக்கு மணம் கொடுக்கும், இவர் கட்டைகளுக்கு வெடிப்புக் கொடுக்கும். இந்த அறையை யாரும் கூட்டிப்போய்க் காட்ட மாட்டார்கள், நீங்களே கேட்க வேண்டும், கேளுங்கள்.

இப்போது குறைகள். பெரிய குறை தூசி. பளிங்குத் தூசி பரவாயில்லை என்று வைத்தாலும் அவர் கருங்கல்லும் செதுக்குகிறார், அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, அந்தத் தூசி நுரையீரலுக்குள் படிந்தால் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்து கிடையாது. அவர் வடிகட்டி வைத்த நல்ல முகமூடி போட்டுக்கொள்கிறார், நமக்குக் கொடுப்பது கொரோனாக் காலத்து நீல மாஸ்க். கருங்கல் வேலை நடக்கிற நாளில் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், ஆஸ்துமாக்காரர்கள் எந்த நாளும் போகாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள், அது நல்லது, ஆனால் கீறல் விழுந்த கண்ணாடி. உட்கார ஒரு நீள வாங்கு, முதுகு சாய இடமில்லை. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் உளிச் சத்தம் கேட்காது, சத்தம் கேட்காவிட்டால் பாதி விஷயம் போச்சு, ஆகவே ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வானத்தைப் பார்த்துப் போங்கள்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராடிய தோட்டத்துச் சனங்கள் இருக்கிற இடத்தில் 1500 ரூபாய் என்பது யாருக்கான விலை? பெரியம்மாவுக்கு அவர் காசு வாங்கவில்லை, தோட்டத்தில் வேலை செய்தவர்களிடம் வாங்குவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நல்ல மனசு, ஆனால் அதை எங்காவது எழுதிப் போடலாமே, விலையைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிப் போகிறவருக்கு அவர் மனசு எப்படித் தெரியும்?

வாசல் பக்கத்தில் ஒரு தட்டு இருக்கிறது, சின்னச் சின்னக் கல் யானை, வழவழப்பான முட்டை வடிவங்கள், 4000த்திலிருந்து விலை. அவருடைய உதவியாளர்கள் செய்வது, சுற்றுலாக்காரர்களுக்காக. மோசமில்லை, ஆனால் உள்ளே பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான் வாங்கவில்லை. அந்தக் காசுக்கு வெல்லவாயப் பக்கம் இறங்கி புதுருவகலவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே சொன்னார். ஒரே பாறைமுகத்தில் ஏழு உருவங்கள், நடுவிலிருக்கும் புத்தர் 51 அடி, பரப்பெல்லாம் தட்டையாக, பாறையிலிருந்து கொஞ்சமாகத்தான் வெளியே வந்து நிற்கும். எவ்வளவு வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார்.

போகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே போன் செய்யுங்கள், நம்பரை ஓட்டோக்காரரே தருவார். இடம் இருக்கிறதா என்று கேட்பதைவிட நாளைக்கு என்ன வேலை என்று கேளுங்கள். உளி வேலை என்றால் போங்கள். சேண்ட் பேப்பர் வேலை என்றால் வேறு நாள் பாருங்கள், தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்ப்பதைப் பார்க்க 1500 ரூபாய் அதிகம்.